ராமநாதபுரம் கடற்கரையில் பிரெஞ்சு வகுப்பு: சமத்துவத்தைப் பாடத்துக்குள்ளேயே வைப்பது எப்படி?

சென்னையிலோ புதுச்சேரியிலோ பி1, பி2 என்ற இடைநிலைகள் வரை பிரெஞ்சு படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, கீழக்கரை, மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் மாலை வகுப்பு ஆரம்பிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் பிரெஞ்சு படிக்க வரும் பிள்ளைகளுக்குக் காரணங்கள் உண்டு. சிலருக்குப் பாரிஸில் சித்தியோ மாமாவோ இருப்பார்கள். அங்கே லா ஷப்பெல் பகுதியில் கடை வைத்திருக்கும் ஈழத்து உறவினர் போனில் பேசும்போது இடையிடையே வரும் பிரெஞ்சு சிலருக்கு ஆசையைக் கிளப்பியிருக்கும். கப்பல் வேலை, ஹோட்டல் வேலை, மேற்படிப்பு என்று கணக்குப் போட்டு வருபவர்களும் உண்டு. எந்தக் காரணத்துக்காக வந்தாலும், வகுப்பில் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். பள்ளியைத் தவிர வேறெங்கும் அப்படிச் சேர்ந்து உட்கார வாய்ப்பில்லாத பிள்ளைகள் அதில் பலர். அந்த ஒன்றே இந்த வகுப்பை முக்கியமானதாக்குகிறது.

சமத்துவம், பன்மை, குடிமைப் பண்பு இதையெல்லாம் வெள்ளிக்கிழமை கடைசி அரை மணி நேரத்தில் தனியாகப் பேசினால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். மொழி வகுப்பில் நாம் பிள்ளைகளை நூறு தடவை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறோம். யார், யாரிடம், எந்த வாக்கியத்தைச் சொல்கிறார் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். வேலை அங்கேதான் நடக்கிறது.

முதலில் இடமும் நேரமும்

வகுப்பு நடக்கும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு சமூகத்தாரின் தெருவுக்குள் இருக்கும் மாடி அறை வாடகை குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் அந்தத் தெருவுக்குள் வரத் தயங்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் காரணம் சொல்ல மாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள். ஜமாத் மண்டபமும் சர்ச் ஹாலும் நல்ல மனதோடுதான் கொடுக்கப்படும், ஆனாலும் முதல் வருடத்துக்கு அரசுப் பள்ளி, கிளை நூலகம், ஊராட்சிக் கட்டடம் போல எல்லோரும் உரிமையோடு நுழையும் இடமே சரி.

நேரம் குறிக்கும்போது மதரஸா நேரத்தையும் ஞாயிறு மறைக்கல்வியையும் கடைசி பஸ்ஸையும் கணக்கில் எடுங்கள். இருட்டும் முன் வகுப்பு முடியாவிட்டால் பெண் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே நின்றுவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் வீடுகளில் அப்போது கையில் காசு இருக்காது. கட்டணத்தை அந்த மாதங்களில் தள்ளிவையுங்கள். யாருக்குச் சலுகை என்பது உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

பெயரும் இருக்கையும்

முதல் நாள் பாடம் எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுதான்: "ழ மாபெல்..." என்று பெயர் சொல்வது. பிள்ளைகளுக்கு மரி, பியேர் என்று பிரெஞ்சுப் பெயர் வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம். பாத்திமாவும் முனியசாமியும் அந்தோணியும் தங்கள் பெயரோடுதான் அந்த மொழிக்குள் போக வேண்டும்.

பிரெஞ்சுப் படிவங்களில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அந்தக் கட்டத்தில் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ எழுதச் சொல்லுங்கள். எதை எழுதுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். அந்தக் கட்டத்தை நிரப்பச் சாதிப் பெயர் உள்ளே வந்துவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்குப் பழைய புத்தகங்களில் "மதாம்", "மத்மொவசெல்" என்று இரண்டு விதமான அழைப்பு இருக்கும், கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று. பிரெஞ்சு அரசாங்கப் படிவங்களிலிருந்து இரண்டாவதை 2012-இல் எடுத்துவிட்டார்கள். ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் ஏன் கேட்க வேண்டும் என்பதுதான் காரணம். ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் தேவைப்படாது.

இருக்கையை வாரம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி மாற்றுங்கள். நீங்களே பார்த்துப் பார்த்துக் கலந்து உட்கார வைத்தால், "என்னை ஏன் அவன் பக்கத்தில் போட்டார்" என்று பிள்ளைகள் கணக்குப் பார்ப்பார்கள். சீட்டில் வந்தால் அந்தப் பேச்சே இல்லை. முதல் இரண்டு வாரத்தில் பையனையும் பெண்ணையும் ஜோடியாகப் பேச விடாதீர்கள். நான்கு பேர் குழுவாக விடுங்கள். வீட்டில் கேட்டாலும் பிள்ளைகள் சொல்வதற்குச் சங்கடம் இருக்காது.

யாருக்கு நீ, யாருக்கு நீங்கள்

நான் அதிக நேரம் செலவிடும் பாடம் இது. புதிதாக வருபவர்களும் இதில் அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரெஞ்சில் நெருங்கியவருக்கு "த்யூ", மற்ற பெரியவர்களுக்கு "வூ". நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும், தமிழிலும் இருக்கிறதே. ஆனால் நம் ஊரில் "நீங்க" என்பது வயதைப் பார்த்து மட்டும் வருவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரு கூட்டும் அம்மாவுக்குப் பாட்டி வயது இருக்கும், பத்து வயதுப் பையன் "வா, போ" என்பான். அவனைவிடச் சின்னவனான பெரிய வீட்டுப் பிள்ளையை யாரோ ஒருவர் "தம்பி, வாங்க" என்பார்.

இதைச் சொல்லிக்கொடுக்க நான் செய்வது இதுதான். ஒரு டப்பாவில் அட்டைகள் போடுவேன்: டாக்டர், பஸ் கண்டக்டர், தூய்மைப் பணியாளர், ஊராட்சித் தலைவி, தலைமை ஆசிரியர், கருவாடு விற்பவர், படகு முதலாளி, படகில் கூலிக்குப் போகிறவர். ஒரு பிள்ளை அட்டையை எடுத்து அந்த ஆளாக நிற்க வேண்டும். இன்னொரு பிள்ளை எதிரே வந்து பேச வேண்டும். எந்த அட்டை வந்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: "போன்ழூர் மதாம்" அல்லது "போன்ழூர் மொசியே", அப்புறம் "கொமான் தலே வூ?" என்று நலம் விசாரிப்பு. வணக்கமும் மதாமும் சொல்லாமல் பிரான்சில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது, அது மரியாதைக் குறைவு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது சுற்றில் அதே அட்டைகள், ஆனால் தமிழில். ஒரு முறை ஒரு பையன் தூய்மைப் பணியாளர் அட்டை வைத்திருந்த பெண்ணிடம் பிரெஞ்சில் அழகாக "போன்ழூர் மதாம், கொமான் தலே வூ?" என்றான். தமிழ்ச் சுற்று வந்ததும் அதே பெண்ணிடம் "ஏய், இங்க வா, இதை அள்ளு" என்றான். சொன்ன மாத்திரத்தில் அவனுக்கே உறைத்துவிட்டது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அவனைத் திட்டவோ வகுப்புக்கு விளக்கவோ வேண்டியிருக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்று மட்டும் சொன்னேன். "வணக்கம்மா, இதைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா" என்றான். அடுத்தடுத்து வந்த பிள்ளைகள் எல்லோரும் தமிழ்ச் சுற்றிலும் பார்த்துப் பேசினார்கள்.

இந்தப் பயிற்சியில் ஒரு விஷயம் கவனம். அட்டையை டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்தால், உங்களை அறியாமலேயே டாக்டர் அட்டை எப்போதும் ஒரே மாதிரிப் பிள்ளைகளுக்குப் போகும். அதேபோல உங்கள் நாக்கையும் கவனியுங்கள். யாரை "வாடா" என்கிறீர்கள், யாரை "வாப்பா" என்கிறீர்கள், யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்பதைப் பிள்ளைகள் உங்களுக்கு முன்பே கவனித்து வைத்திருப்பார்கள்.

பிரெஞ்சு மொழியே சமத்துவ மொழி என்று சொல்லிவிட வேண்டாம். காலனி நாட்களில் வெள்ளை அதிகாரிகள் ஆப்பிரிக்காவிலும் அல்ஜீரியாவிலும் உள்ளூர்ப் பெரியவர்களை "த்யூ" என்றுதான் அழைத்தார்கள். மொழியில் வழி இருக்கிறது. அதை யாருக்குக் கொடுக்கிறோம் என்பது பேசுகிறவர் கையில்.

தொழில் பாடத்தை நம் கரைக்குக் கொண்டு வருவது

ஏ1 என்ற தொடக்க நிலைப் புத்தகங்களில் தொழில் என்றால் டாக்டர், வக்கீல், பத்திரிகையாளர், ரொட்டிக் கடைக்காரர். இதை அப்படியே நடத்தினால், தன் அம்மா செய்யும் வேலைக்கு பிரெஞ்சில் பெயரே இல்லை என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொள்ளும். பெயர் இருக்கிறது. பிரான்சுக்கும் நீண்ட கடற்கரை உண்டு.

கடலுக்குப் போகிறவர் "பெஷெர்", பெண் என்றால் "பெஷெஸ்". பாம்பன் தீவில் பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள் அல்லவா, பிரான்சின் மேற்குப் பகுதியான பிரித்தானியின் கரையில் பாசி எடுக்கும் தொழில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அவர்களுக்குப் பெயர் "கோயெமோனியே", பெண் என்றால் "கோயெமோனியேர்". வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, பிரான்சின் கெராந்து ஊர் உப்பளங்களில் சொல்லும் "பாலூதியே", "பாலூதியேர்". கெராந்து உப்பு அங்கே நல்ல விலைக்கு விற்கும் பொருள், அந்தத் தொழிலுக்குப் பெருமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரெஞ்சை ஆட்சிமொழியாகக் கொண்ட மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலிலும் நம் கதையே: ஜோவால், கயார் போன்ற ஊர்களில் ஆண்கள் கடலுக்குப் போக, பெண்கள் மீனைப் புகை போட்டும் காயவைத்தும் விற்கிறார்கள். படம் காட்டினால் பிள்ளைகள் "இது நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்பார்கள்.

பனை ஏறுபவர் போல நேர்ச்சொல் எளிதில் கிடைக்காத வேலைகளும் உண்டு. அதற்கு வினையைக் கொடுங்கள்: "மரம் ஏறுகிறார்". அதுவே நல்ல வாக்கியப் பயிற்சி.

ஆண்பால், பெண்பால் வடிவங்களை எப்போதும் ஜோடியாகவே கரும்பலகையில் எழுதுங்கள். பிரெஞ்சுக்காரர்களே இதில் வெகுகாலம் சண்டை போட்டவர்கள். பதவிப் பெயர்களுக்குப் பெண்பால் வடிவம் கூடாது என்று பிடிவாதமாக இருந்த, பிரெஞ்சு மொழிக்கான அமைப்பான பிரெஞ்சு அகாதெமி 2019-இல்தான் இறங்கி வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. "உன் அப்பா என்ன செய்கிறார்?" என்பது புத்தகத்தில் சாதாரணக் கேள்வி. நம் கரையில் அப்படி இல்லை. அப்பா சவூதியில் இருக்கலாம். எல்லை தாண்டினார் என்று இலங்கைச் சிறையில் இருக்கலாம். கடலுக்குப் போய்த் திரும்பாமலே போயிருக்கலாம். அதனால் "உன் வீட்டில் ஒருவரைப் பற்றிச் சொல்" என்று கேள்வியை மாற்றுங்கள். பாட்டியைப் பற்றிச் சொல்லட்டும், அக்காவைப் பற்றிச் சொல்லட்டும். இலக்கணம் அதேதான்.

நாடு எது என்று கேட்கும் முன்

மூன்றாவது, நான்காவது பாடத்தில் நாட்டினம் வரும். "ழ சுய் அன்தியென்", நான் இந்தியப் பெண் என்று வகுப்பே வரிசையாகச் சொல்லும். மண்டபம் பகுதியில் வகுப்பு நடத்துகிறீர்கள் என்றால், இந்த வரிசை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளையிடம் வந்து நிற்கும். அது இங்கேயே பிறந்திருக்கும், இங்கேயே படிக்கும், ஆனால் குடியுரிமை இருக்காது. பாடப் புத்தகம் போட்டவருக்கு இப்படி ஒரு பிள்ளை இருக்கும் என்றே தெரியாது.

வழி சுலபம். முதல் சுற்றில் யாரும் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம், படத்தில் இருப்பவரைப் பற்றிச் சொல்லட்டும்: இவர் செனகல்காரர், இவர் கனடாக்காரர். தன்னைப் பற்றிச் சொல்லும்போது "நான் மண்டபத்தில் இருக்கிறேன்", "நான் தமிழ் பேசுகிறேன்", "நான் பாம்பனிலிருந்து வருகிறேன்" என்ற மூன்று வாக்கியங்களைக் கொடுங்கள். மூன்றும் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தும். முகாம் பிள்ளையே வலிய முன்வந்து தன் கதையைச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகச் சொல்ல வைக்காதீர்கள்.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டின் படத்தைக் காட்ட நல்ல இடம் இது. அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. பிரெஞ்சும் கிரியோலும் பேசும் ஒரு தீவின் பணத்தில் தமிழைப் பார்க்கும்போது, ஒரு ஆள் பல மொழிக்கும் ஒரு நாட்டுக்கும் சேர்ந்து சொந்தமாக இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தானாகப் புரிகிறது.

சாப்பாடு, பண்டிகை

சாப்பாட்டுப் பாடத்தில் ஒயினும் பன்றி இறைச்சியும் வரத்தான் செய்யும். அதை மறைக்க வேண்டாம், அது அவர்கள் சாப்பாடு. ஆனால் "நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டாய்" என்று ஒவ்வொருவரையும் கேட்காதீர்கள். யார் வீட்டில் கறி, யார் வீட்டில் எந்தக் கறி, யார் வீட்டில் வெறும் கஞ்சி என்பது எல்லோர் முன்னாலும் வந்துவிடும். கடையில் வாங்குவது போல நடிக்கச் சொல்லுங்கள். "எனக்கு மீன் வேண்டும், அரிசி வேண்டும், அது வேண்டாம், நன்றி" என்பது போதும். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லவும், ஏன் என்று துருவாமல் விடவும் பழகுவது பெரிய பாடம்.

பண்டிகைக்கு நான் வைக்கும் விதி ஒன்று: தன் பண்டிகையைப் பற்றி யாரும் எழுதக் கூடாது. ஏர்வாடி சந்தனக்கூடு பற்றி ஒரு கிறிஸ்தவப் பிள்ளை எழுதும், கிறிஸ்துமஸ் பற்றி ஒரு இந்துப் பிள்ளை, ராமேஸ்வரம் ஆடி அமாவாசை பற்றி ஒரு முஸ்லிம் பிள்ளை. எழுதத் தெரியாததைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். "கூடு எத்தனை மணிக்குக் கிளம்பும்?", "அன்னைக்கு என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டு, ஐந்து பிரெஞ்சு வாக்கியம் எழுதுவார்கள். எழுதியதைப் பண்டிகைக்குச் சொந்தக்காரப் பிள்ளைதான் திருத்த வேண்டும். இலக்கணத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், விஷயத்தை அது பார்த்துக்கொள்ளும்.

வகுப்புத் தேர்தல்

எண்கள் பாடம் முடியும் வாரத்தில் தேர்தல் வையுங்கள். பிரான்சில் ஆறாம் வகுப்பு நிலையிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் வருடத் தொடக்கத்தில் இரண்டு பிரதிநிதிகளை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கிறது. அவர்களுக்கு "தெலெகே" என்று பெயர். நம் பள்ளிகளில் லீடரை டீச்சர்தான் போடுவார், அதுவும் உயரமான பையனைப் பார்த்து. அதனால் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்கும்.

எப்படி நடத்துவது? நிற்க விரும்புகிறவர்கள் ஒவ்வொருவரும் மூன்று வாக்கியம் பேச வேண்டும்: "ழ மாபெல்...", "ழ புரொபோஸ்..." என்று ஒரு யோசனை, கடைசியில் நன்றி. யோசனை வகுப்புக்கானதாக இருக்க வேண்டும். குடிதண்ணீர், விளக்கு, அகராதியை யார் எப்போது எடுத்துப் போவது என்பது போல. ஒரு பழைய செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டுப் பெட்டி செய்யுங்கள். சீட்டைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று எழுத வேண்டும். யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் வெற்றுச் சீட்டும் போடலாம், அதையும் எண்ண வேண்டும்.

எண்ணுவதுதான் பாடத்தின் உச்சம். ஒரு பிள்ளை சீட்டைப் பிரித்துப் பெயரை வாசிக்கும். இன்னொன்று கரும்பலகையில் கோடு போடும். வகுப்பே சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரெஞ்சில் எண்ணும். எழுபதுக்கு மேல் பிரெஞ்சு எண்கள் குழப்பும், ஆனால் உங்கள் வகுப்பில் அவ்வளவு ஓட்டு இருக்காது. மூன்றாவது ஒருவர் சீட்டை எடுத்து இரண்டாம் முறை சரிபார்க்க வேண்டும். தோற்றவர் ஜெயித்தவரிடம் போய் "பிராவோ" சொல்லிக் கை கொடுப்பதையும் பயிற்சியாகவே வையுங்கள்.

இதன் பின் மாதம் ஒருமுறை பத்து நிமிடக் கூட்டம். "ழ சுய் தக்கோர்", ஒப்புக்கொள்கிறேன். "ழ ந சுய் பா தக்கோர்", ஒப்புக்கொள்ளவில்லை. இந்த இரண்டோடு காரணம் ஒன்று. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 என்று கிராமசபைக் கூட்டம் நடக்கும் நாட்களில், மூத்த பிள்ளைகளை ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்தில் பேசுவது தலைவியா, தலைவியின் கணவரா என்று கவனித்து வரச் சொன்னால், அடுத்த வகுப்பில் பேச நிறைய இருக்கும்.

எந்தக் கதையைச் சொல்வது

"லிபெர்தே, எகாலிதே, ஃபிரத்தெர்னிதே" என்ற மூன்று சொல்லை எந்தப் புத்தகமும் விடாது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நம் அரசியலமைப்பின் முகப்புரையிலும் இருக்கிறது, நீதி என்ற சொல் முன்னால் நிற்க. இதைப் பிரான்ஸ் உலகத்துக்குத் தந்த பரிசு என்று நடத்தினால் பாதி உண்மைதான் போய்ச் சேரும். அம்பேத்கர் 1954-இல் வானொலியில் பேசும்போது, இந்த மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்ததாகத் தெளிவாகச் சொன்னார். இரண்டு பக்கத்தையும் அருகருகே எழுதிப் போடுங்கள்.

1789 ஆகஸ்டில் மனித உரிமை அறிக்கை வந்தது. மனிதர்கள் சுதந்திரமாகவும் உரிமையில் சமமாகவும் பிறக்கிறார்கள் என்றது. பெண்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 1791-இல் ஒலாம்ப் த கூழ் என்ற பெண்மணி பெண்ணுரிமை அறிக்கை எழுதினார். 1793-இல் அவரைக் கில்லட்டினில் கொன்றார்கள். பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1944-இல். அடிமை முறையை 1794-இல் ஒழித்தார்கள், 1802-இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார், 1848-இல்தான் முழுதாக ஒழிந்தது. இந்த வருடங்களை வைத்தே இறந்தகால வினைகளை நடத்தலாம்.

நம் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமாகப் போவது இரண்டு கதைகள். ஒன்று, பிரித்தானியில் துவார்னெனே என்ற துறைமுக ஊரில் மத்தி மீனைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகளில் வேலை செய்த பெண்களின் கதை. மணிக்கு 80 சாந்தீம் கூலி, நூறு சாந்தீம் ஒரு ஃபிராங்க். மீன் வந்தால் ராத்திரியும் வேலை. 1924 நவம்பரில் வேலை நிறுத்தம் செய்தார்கள், 1925 ஜனவரியில் மணிக்கு ஒரு ஃபிராங்க் என்று கூலி உயர்ந்தது. அவர்களில் ஒருவரான ழொசெஃபின் பென்கலே அந்த 1925-இல் ஊர் நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பெண்களுக்கு ஓட்டே இல்லாத காலத்தில். அந்த வெற்றியைச் செல்லாது என்று பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் பிறகு ரத்து செய்துவிட்டது. நண்டு கம்பெனியிலும் இறால் கம்பெனியிலும் அம்மா வேலை பார்க்கும் பிள்ளைகள் இதை எப்படிக் கேட்கிறார்கள் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இன்னொன்று ஆன்ரி சிதம்பரத்தின் கதை. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் கரீபியன் கடலில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தீவுகளில், 1853-இல் மார்த்தினிக்கிலும் 1854-இல் குவாதலூப்பிலும் இறங்கினார்கள். அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. குவாதலூப்பில் பிறந்த சிதம்பரம் 1904-இல் வழக்கைத் தொடங்கி 1923 வரை போராடி, இந்திய வம்சாவளியினரின் குடியுரிமையையும் ஓட்டையும் நிலைநாட்டினார். பிரான்ஸ் தன் சுவரில் எழுதி வைத்திருந்த சொல்லை, பிரான்சிடமே கேட்டு வாங்கியவர் ஒரு தமிழ்ப் பெயர்க்காரர். முகாம் பிள்ளை இருக்கும் வகுப்பில் நான் இந்தக் கதையைத் தவறாமல் சொல்வேன்.

கஷ்டமான கேள்விகள் வரும்போது

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் எங்கே நடத்தினாலும் ஒரு நாள் ஒரு பெண் பிள்ளை கேட்கும்: "பிரான்சில் ஸ்கூலுக்கு முக்காடு போட்டுப் போக முடியாதாமே, அப்புறம் என்ன சுதந்திரம்?" பதிலைச் சுற்றி வளைக்காதீர்கள். 1905 சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்தது. 2004 சட்டம் அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் எடுப்பான மத அடையாளம் அணிவதைத் தடுத்தது. பெரிய சிலுவை, யூதர்கள் அணியும் கிப்பா தொப்பி, முக்காடு எல்லாம் அதில் வரும். பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது. ஆதரிப்பவர்கள் பள்ளியில் எல்லோரும் ஒன்று என்பதற்காக என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் அது முஸ்லிம் பெண் பிள்ளைகளையே அதிகம் பாதிக்கிறது என்கிறார்கள். நம் நாட்டில் மதச்சார்பின்மை வேறு வழியில் போகிறது, பொதுவாகப் பள்ளிக்குள் எல்லா மதமும் தெரியலாம், அரசு எதற்கும் சார்பாக இருக்கக் கூடாது. இவ்வளவையும் தமிழிலேயே சொல்லுங்கள், ஏ1 பிரெஞ்சில் இதைப் பேச முடியாது. பிரான்சுக்காக வக்காலத்து வாங்குவது உங்கள் வேலை இல்லை. அந்தப் பெண் கேள்வி கேட்டதற்கு நன்றி சொல்லுங்கள்.

சாதி பற்றிய பேச்சு எழுந்தால், அரசியலமைப்பில் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் பிரிவையும் பாகுபாட்டைத் தடுக்கும் 15-ஆம் பிரிவையும் பலகையில் எழுதி வாசிக்க வையுங்கள். யாரையும் எழுப்பி, "நீ சொல்லு, உனக்கு நடந்திருக்கிறதா" என்று கேட்காதீர்கள். அவமானத்தைச் சாட்சியாகக் கேட்கும் உரிமை ஆசிரியருக்குக் கிடையாது. வகுப்பில் ஒருவர் இன்னொருவரைச் சாதி சொல்லிக் கிண்டல் செய்தால், அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிடுங்கள், தேர்வு நாளையாக இருந்தாலும் சரி.

தேர்வும் வீடும்

பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் சரி டீச்சர், பாஸ் பண்ணுவாளா?" நியாயமான கேள்வி. பிரெஞ்சு அரசின் மொழிச் சான்றிதழான தெல்ஃப் ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுக்க வேண்டும், எதிலும் 5-க்குக் குறையக் கூடாது. பேச்சுத் தேர்வில் தன்னை அறிமுகப்படுத்துவது, எதிரே இருப்பவரிடம் கேள்வி கேட்பது, கடையிலோ அலுவலகத்திலோ பேசுவது போல நடிப்பது என மூன்று பகுதி. மேலே சொன்ன அட்டை டப்பாவும் பண்டிகை விசாரிப்பும் அந்தப் பயிற்சிதான். "வூ" போட்டுப் பேசத் தெரியாவிட்டால் அங்கே மதிப்பெண் குறையும் என்பதைப் பெற்றோரிடம் சொல்லலாம்.

கேட்டல் பயிற்சிக்கு டிவி5 மோந்த் தொலைக்காட்சி, ஆர்.எஃப்.ஐ. வானொலி இரண்டின் இலவசப் பாடங்கள் போதும். தீவுப் பக்கம் சிக்னல் மோசமானால் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாத ஆப்பிரிக்கக் குரல்களும் கனடாக் குரல்களும் அதில் வரும். பாரிஸ் உச்சரிப்பு மட்டுமே சரி என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராமல் இருக்க அது உதவும்.

முதல் மாதம் முடிந்ததும் பெற்றோரை ஒரு வகுப்புக்கு அழையுங்கள், பின்னால் உட்கார்ந்து பார்க்கட்டும். ஜமாத் பெரியவர்களோ பங்குத் தந்தையோ ஊர்த் தலைவரோ வந்து கேட்டால் அவர்களையும் அதே பெஞ்சில் உட்கார வையுங்கள், தனி நாற்காலி வேண்டாம். தேர்வுக்கு வெளியூர் போக வேண்டியிருக்கும். கட்டணம், பஸ் செலவு, தங்குவது எல்லாவற்றையும் மூன்று மாதம் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பெண் பிள்ளைகளோடு போக யாராவது ஒரு அம்மாவைக் கேளுங்கள், அவர் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். செலவு தாங்காத வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பணத்தை யாரிடம் கேட்பது என்பதை அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.